மரிவிக் பதில் சொல்லவில்லை

மூன்றாவது வாக்கி-டாக்கியிலும் பதில் இல்லை.

"மரிவிக், கேக்குதா? ஓவர்" என்று வில்மர் மறுபடி பொத்தானை அழுத்திக் கேட்டான். காதில் இரைச்சல் மட்டுமே வந்தது.

கடைக்கார இசிட்ரோவின் முகம் சுருங்கிவிட்டது. பகோலோட் நகரத்தில் ஏர்சாஃப்ட் என்னும் பொய்ச்சண்டை ஆட்டம் ஆடுகிறவர்கள் பொம்மைத் துப்பாக்கி முதல் பூட்ஸ் கயிறு வரை அவரிடம்தான் வாங்குவார்கள். போதாக்குறைக்கு வில்மரின் அணிக்கு அவரே கேப்டன்.

"தம்பி, இது மலைக்கு அந்தாண்ட வரைக்கும் கேக்கும். உன் பொண்டாட்டி நிக்கிறது எதிர்த்தாப்பல."

உண்மைதான். கண்ணாடிக்கு வெளியே, தெருவின் அந்தப் பக்கம், ஜோடி செட்டில் மற்றதை இடுப்பில் செருகி, ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு மரிவிக் நின்றாள். சர்க்கரையில் பொரித்துக் குச்சியில் செருகிய வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சற்று முன் இசிட்ரோ ஓடிப்போய் அவளுடைய செட்டைக்கூட மாற்றிக் கொடுத்தார். வாய் நிறையப் பழத்தோடு வாங்கிக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் வில்மரோடு பேசவில்லை. அதை அவன் வெளியே சொல்லவில்லை.

மற்றபடி வீட்டில் ஒரு குறையும் இல்லை. காலையில் காப்பி வந்தது. அவன் கோழி சுட்டு வைத்தால் இரண்டு தட்டு சாப்பிட்டாள். இன்றைக்கும் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்துதான் வந்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

எல்லாம் அந்தக் கரும்புத் தோட்டத்து ஆட்டத்தால் வந்தது. அணியில் மற்ற எல்லோரும் அடிபட்டு, ஆட்டக் கணக்கில் செத்து, வாக்கி-டாக்கியை அணைத்துவிட்டு மர நிழலில் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது புருஷனும் பெண்டாட்டியும்தான். மரிவிக் எதிரிகளின் கொடியையே உருவிக்கொண்டு வந்தாள். கரும்புக்குள்ளிருந்து வெளியே வந்தவளின் தோளில் பட்டது வில்மரின் பிளாஸ்டிக் குண்டு.

ஜெயித்த ஆட்டம் அதோடு தோற்றது.

"வர்றேன்னு ரேடியோல சொன்னேனே" என்றாள் அவள். தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றான் அவன். இசிட்ரோ இரண்டு செட்டையும் அங்கேயே சோதித்துப் பார்த்தார், பழுதே இல்லை. அவசரத்தில் மரிவிக் பொத்தானை அழுத்த மறந்துவிட்டாள் என்று தீர்ப்பாயிற்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அணியே சிரித்தது. அன்றைக்கே அவளுக்குப் 'பொத்தான்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

பழைய செட்டை நம்ப முடியாது, புதிது வாங்கலாம் என்று கூட்டி வந்தது வில்மர்தான். நல்ல ஹெட்செட் ஒன்று வாங்கித் தந்தால் கோபம் ஆறிவிடும் என்பது அவன் எண்ணம்.

இசிட்ரோ இன்னொரு பெட்டியைப் பிரித்து, செட்டை அதே அலைவரிசையில் வைத்து, ஹெட்செட்டைத் தன் தலையிலேயே மாட்டி, மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்தார்.

"இதுல வாயைத் தொறந்தாலே போதும், தானே போயிடும். நம்ம பொத்தானுக்கு இதான் லாயக்கு."

எதிர்ப்பக்கம் மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

அதை வில்மர் பார்த்தான். சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது.

இசிட்ரோவும் இப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். "அது என்னடா, தலையில செவப்புத் துணி?"

"ஞாயித்துக்கிழமைலேருந்து கட்டியிருக்கா, அண்ணே. தூங்கறப்பக்கூட கழட்டலே."

ஆட்டத்தில் அடிபட்டவர் தலையில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொள்ள வேண்டும், உயிர் திரும்பும்வரை வாய் திறக்கக் கூடாது. செத்தவர் ரேடியோவில் பேசுவதைப்போல ஏர்சாஃப்டில் பாவம் வேறில்லை. அந்த விதியை அணிக்கு மனப்பாடம் பண்ண வைத்ததே இசிட்ரோதான்.

அவர் தொந்தி குலுங்கச் சிரித்தார். "செத்தவ எப்படிடா பதில் சொல்லுவா? நான் வேற நாலு செட்டைப் பிரிச்சுட்டேனே."

வில்மர் சிரிக்கவில்லை. மாடு மாதிரி உடம்பும், மண்டையோடு வரைந்த முகமூடியும் வைத்திருக்கிறவன், ஹெட்செட்டை அவர் தலையிலிருந்து மெல்லக் கழற்றி மாட்டி, மைக்கைத் தன் வாய்க்கு நேராக வைத்தான்.

"அண்ணே, நீங்களும் கேளுங்க" என்றான். பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பினான்.

"மரிவிக், அன்னைக்கு நீ பொத்தானை அழுத்தினே. கரும்புக்குள்ளேருந்து வர்றேன், சுட்டுடாதேன்னு சொன்னே. எனக்குத் தெளிவா கேட்டுச்சு. தோகை சலசலன்னதும் பயந்துட்டேன். பயத்துல சுட்டுட்டு, அதைச் சொல்ல வெக்கப்பட்டு, பழியை உன் மேல விட்டுட்டேன்."

இசிட்ரோவின் சிரிப்பு பாதியில் நின்றது.

மரிவிக் குச்சியில் ஒட்டியிருந்த சர்க்கரையை நிதானமாக நக்கி முடித்தாள். குச்சியைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். தலையிலிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து, அதிலேயே கையைத் துடைத்தாள்.

வில்மரின் காதிலும் மேசைமேல் கிடந்த செட்டிலும் கரகரவென்றது. பிறகு ஒரு வாரமாகக் கேட்காத குரல் பக்கத்தில் நிற்பதுபோல வந்தது.

"எல்லா செட்டும் நல்லாத்தான் கேட்டுச்சு. இப்ப சொன்னதை இந்த ஞாயித்துக்கிழமை தோட்டத்துல எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லணும். அதுக்கு ஏத்த மைக்கா பாத்து எடு. ஓவர்."

இசிட்ரோ ஏணியைச் சாத்தி, மேல்தட்டில் இருந்ததிலேயே விலை கூடிய பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்.