கறுப்பாயியின் கொம்பு

"கறுப்பாயி, வா தாயி."

குரல் கேட்டதும் காண்டாமிருகம் சேற்றிலிருந்து எழுந்தது.

வேறு யார் கூப்பிட்டாலும் வரமாட்டாள். அதனால்தான் தீனி போடுகிற அவனையே கூப்பிடச் சொன்னார்கள்.

கையில் வாழைப்பழச் சீப்புடன் கம்பியோரம் நின்றான். அவனுக்குப் பின்னால், மயக்க ஊசித் துப்பாக்கியுடன் டாக்டரம்மா.

கறுப்பாயி அசாமிலிருந்து குட்டியாக இந்த உயிரியல் பூங்காவுக்கு வந்தவள். பன்னிரண்டு வருடமாக அவன்தான் தீனி போடுகிறான்.

போன மாதம் பின்சுவர் ஏறிக் குதித்த இருவர் பிடிபட்டார்கள். பையில் ரம்பம் இருந்தது. கொம்பு இருந்தால்தானே வருவார்கள், எடுத்துவிடலாம் என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள்.

ஊசி பாய்ந்தது.

அவள் ஓடவில்லை. அவனை நோக்கி இன்னும் நாலடி வந்து, முட்டி மடங்கிச் சரிந்தாள்.

கண்ணைக் கட்டினார்கள். காதில் பஞ்சு அடைத்தார்கள். நகம் வெட்டுகிற மாதிரிதான், வலிக்காது என்றார் டாக்டரம்மா.

பார்க்க வந்த அதிகாரிகள் இருவர் அவள் தலைமாட்டில் நின்று வாதாடினார்கள். சேர்த்துவைத்த கொம்பையெல்லாம் அரசாங்கமே விற்றால் விலை விழும், திருடன் ஒழிவான் என்றார் ஒருவர். கடையைத் திறந்தால் இதுவரை கேட்காதவனும் கேட்பான், கள்ளச்சரக்கும் அதே கடையில் நல்ல சரக்காகிவிடும் என்றார் மற்றவர்.

பேச்சுக்கு நடுவே ஒருவர் அவனிடம் திரும்பினார். தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்.

பிடித்தான்.

அறுத்தார்கள். விரிப்பில் உதிர்ந்த தூளைக்கூட விடாமல் அள்ளிப் பையிலிட்டு அரக்கு வைத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அவள் அவனைத் தேடித்தான் வந்தாள்.

அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை, அவள் கொட்டடிக்குத் துப்பாக்கிக் காவல் இருந்த செபஸ்தியான் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கு டூட்டி மாத்திட்டாங்கண்ணே. கொம்பு வச்சிருக்கிற ரூமுக்கு."

"அப்ப இவளுக்கு?"

"இவகிட்ட இனிமே என்னண்ணே இருக்கு?"

எட்டு மாதம் போயிற்று.

ஒரு நாள் மூக்கைத் தேய்த்துக் கழுவும்போது உள்ளங்கையில் தட்டுப்பட்டது. அறுத்த இடத்துக்கு மேலே, புதிதாக இரண்டு விரற்கடை.

அன்றைக்கே டாக்டரம்மா சுற்றி வந்தார். கம்பிக்கு வெளியே நின்றபடி, கொம்பு திரும்ப வளர்கிறதா என்று கேட்டார்.

வளர்கிறது என்றால் ரம்பம் வரும். இல்லை என்றால் காவல் வராது.

கறுப்பாயியின் மூக்கு முழுக்கச் சேறு. அவன் பூசியது.

"இல்லீங்கம்மா."

அவர் எழுதிக்கொண்டு போனார்.

அவன் வீட்டுக்குப் போன் செய்தான். இனிமேல் ராத்திரிச் சோற்றையும் இங்கேயே கொடுத்தனுப்பச் சொன்னான்.

எத்தனை நாளைக்கு என்று மனைவி கேட்டாள்.

அவன் போனை வைத்துவிட்டு, செபஸ்தியான் படுத்திருந்த இடத்தில் பாயை விரித்தான்.