திறக்காத ஏழு சிப்பிகள்

விடியற்காலையில் கடல் உள்வாங்கியதும் முழங்கால் சேற்றில் நின்று கணவர் தானே தோண்டி எடுத்த சிப்பிகள், இப்போது அடுப்பில் மூடிக்கு அடியில் கடகடவென்று ஆடுகின்றன. சன்னல் வெயிலில் ஆவி சுருண்டு எழுகிறது. சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள் மனைவி. போன வருஷம், வெந்தும் திறக்காத சிப்பிகளை வீணாக்கக் கூடாதென்று இவர் கத்தியால் நெம்பித் திறந்து பரிமாறினார். வீடே இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. "இந்தத் தடவை ஒண்ணும் ஆகாது." "போன தடவையும் இதையேதான் சொன்னீங்க." அவர் மூடியைத் திறக்கிறார். விரிந்த சிப்பிகளெல்லாம் தட்டுக்குப் போகின்றன. சட்டியின் அடியில் ஏழு மட்டும் இறுக மூடிக் கிடக்கின்றன, ஏழும் கொழுத்தவை. தேய்ந்த சோப்பைக்கூடப் புதுச் சோப்போடு ஒட்டிக் குளிக்கிற மனிதர் அவர். ஒன்றை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கிறார், கத்தியையும் பார்க்கிறார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குப்பைக்கூடையில் போடுகிறார். டொக். டொக். அவள் உதடு எண்ணுவது அவருக்குத் தெரிகிறது. ஏழாவதும் விழுகிறது. கட்டிய கை பிரிய, அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். "ஆறிடப் போகுது. சாறும் சேர்த்து ஊத்துங்க."