சேதி சொல்லும் பரீட்சை

"உங்க வீட்டுக்காரரைப் பத்தி இதுவரைக்கும் உங்களுக்கு என்ன சொல்லியிருக்காங்க?"

கேட்டதுமே அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போயிற்று. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கணவர் இறந்துவிட்டதைச் சொன்னான். அவள் மேசைமேல் கவிழ்ந்து ஓவென்று அழுதாள். தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, அவன் சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

மணி அடித்தது. அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மதிப்பெண் தாளை எடுத்தாள். கெட்ட சேதியை எப்படிச் சொல்வது என்று மருத்துவ மாணவர்களைச் சோதிக்கக் கல்லூரி வரவழைத்திருந்த நாடக நடிகை அவள்.

"நான் அழறப்போ மணி பாத்தியேப்பா."

"எட்டு நிமிஷம்தானே மேடம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள அஞ்சு படியும் முடிக்கணுமே."

வகுப்பில் அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். போனை அணை, நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார், கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று கேள், என்ன தெரியும் என்று கேள், அப்புறம் சேதியைச் சொல். ஐந்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். இதில் மனசுக்கு என்ன வேலை என்பதுதான் அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. போன தடவையும் இதில்தான் கோட்டைவிட்டான். இந்த முறையும் போனால் ஒரு வருஷம் வீண்.

அதனால்தான் காலையில் ஆபரேஷனுக்கு இருந்த அப்பாவை, இதே கல்லூரி ஆஸ்பத்திரியின் மாடி வார்டிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தான். "குடலிறக்கம்தானேடா, அரைமணி நேர வேலை. நீ போய்ப் பாஸ் பண்ணிட்டு வா," என்று அப்பாவே விரட்டினார். பரீட்சை வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கதவைத் திறந்துகொண்டு பேராசிரியர் வந்தார். நின்ற நிலையிலேயே நாலு வார்த்தை பேசி மானத்தை வாங்கிவிட்டுப் போகிற மனிதர் அவர்.

நடிகையின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். மதிப்பெண் தாளைப் பாதியிலேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

"சார், மணி பாத்தது தப்புதான். இன்னொரு தடவை செஞ்சு காட்டறேன் சார்."

அவர் தன் போனை எடுத்து அணைத்தார். நாற்காலியை இழுத்து, அவன் எதிரே முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார்.

எக்ஸ்பிரஸுக்கு மூச்சு வந்தது. எப்படிச் செய்ய வேண்டும் என்று மனிதர் செய்து காட்டுகிறார். அப்படியானால் ஃபெயில் போடவில்லை. ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டான்.

"கூட யாராவது வந்திருக்காங்களா தம்பி?"

மூன்று. சும்மா சொல்லக்கூடாது, அந்த நடிகையையே தோற்கடித்துவிடுவார். குரல்கூட லேசாக உடைகிறது. அவனும் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான்.

"இல்ல டாக்டர். தனியாத்தான் வந்திருக்கேன்."

அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கடிகாரத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்பாவைப் பத்தி இதுவரைக்கும் உனக்கு என்ன சொல்லியிருக்காங்க?"