மேகம் இறங்கினால் வண்டி எடுக்கக் கூடாது

சற்றுமுன் தோட்டத்திலிருந்து மிளகு மூட்டையோடு வந்த பழைய கார், பேளுக்குறிச்சி சந்தைக்குக் கிளம்பும்போது மக்கர் பண்ணியது. பக்கத்து வீட்டு மெக்கானிக் தனபால் பிளக் ஒயரை இன்ஜினருகே பிடித்து, சுஜிதாவைச் சாவி திருப்பச் சொன்னான். பொறி வரவில்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினான்.

"உள்ளே சுத்தற ரோட்டரையே காணோமுங்க. யாராச்சும் எடுத்தாங்களா?"

சுஜிதா மலைப்பாதையைப் பார்த்தாள். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. இப்படி இறங்கினால் யாரும் வண்டியெடுக்கக் கூடாதென்று ரோட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது அவள் புருஷன் தரணிதரனின் வழக்கம். அவன் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது.

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். மடித்து வைத்த அவன் சட்டையின் பைக்குள் ரோட்டர் இருந்தது, இன்ஜின் சூடு ஆறாமல்.

அப்படியே பெட்டியை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

"தேட வேண்டாமுங்க. மேகம் விலகுனா வண்டி கெளம்பீரும்."