அதே கதவு

பசை காயாத விரல்களுடன் மாடியேறி வந்த ருமியானா, தாழிட்ட அறைக்கதவை ஓங்கி அடித்தாள்.

“ஒன்பது நாளா என்ன படுக்கை? வச்ச சூப்பு வச்சபடியே இருக்கு. எழுந்து வா!”

“முடியல, விட்டுடு” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

“மனசு சரியில்லையாம், மனசு! ரெண்டு வண்டி விறகைப் பிளந்தா தானா சரியாகும். ஆம்பளை எவனாவது இப்படி அழுவானா? கார்லோவோ ஊரே சிரிக்குது!”

விசும்பல் நின்றது. “உனக்கு ஈவு இரக்கமே இல்லையா?”

“இதுல ஒரு வார்த்தைகூட என்னோடது இல்ல, ஷிவ்கோ. எல்லாம் இதே கதவுக்கு வெளியே நின்னு நீ நம்ம பிள்ளைகிட்டச் சொன்னது. அவனை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்னு கெஞ்சினேன். பைத்தியம்னு பேர் வந்துடும்னு நீதான் வழிய மறிச்ச!”

அவள் சற்றுமுன் வாசற்கதவில் ஒட்டிவிட்டு வந்த கறுப்புக் கரையிட்ட இரங்கல் தாளில் அவர்கள் மகன் பிளாமென் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டு இன்றோடு நாற்பது நாள்.

“டாக்டர்கிட்ட நேரம் வாங்கியாச்சு. கதவைத் திறய்யா! இன்னொரு தாள் ஒட்ட என்னால முடியாது.”