அடிக்கு முன்னால் அழுகை

"ஆறு மணிக்கு மெஷினை மொத்தமா நிறுத்திடுவாங்க. இன்னும் ஒன்றரை மணி நேரம்தான்யா இருக்கு. போயும் போயும் இந்தப் பழைய நிக்கல் தகட்டையா அளக்கணும்?" என்று ஹோல்கர் கேட்டார்.

"இதைத்தான். இது உல்ரீக்கே செஞ்சது" என்றார் டெட்லெஃப்.

பெர்லினின் அந்த இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், நாளை காலை இந்த எக்ஸ்ரே மேடையைக் கழற்றப் போகிறார்கள்.

"யாரு உல்ரீக்கே?" ஹோல்கர் இங்கே வந்து பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது.

"நீ உக்காந்திருக்கியே, அது அவ இடம். கம்பளி சாக்ஸோட காலை மடக்கி உக்காருவா. கீபோர்டு பக்கத்துல எப்பவும் வெள்ளரிக்கா ஊறுகா பாட்டில். கேலி பண்ணினா ஊறுகாயாலயே அடிப்பா."

"உனக்கு நிறைய விழுந்திருக்கும்."

டெட்லெஃப் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கியது.

"லேசரால ஒரு அடி கொடுத்தா நிக்கலோட காந்த சக்தி எவ்வளவு வேகமா இறங்குதுன்னு எக்ஸ்ரேல பாத்தா. லேசர் படறதுக்கு முன்னாடியே இறங்கிடுச்சுன்னு வந்துச்சு! 'அடிக்கு முன்னாடியே அழற குழந்தை'ன்னு கருத்தரங்கே சிரிச்சுது. அதோட போயிட்டா. இருபத்திரண்டு வருஷமா ரோஸ்டாக்ல ஸ்கூல் டீச்சர். இன்னிக்குச் சரியா வந்தாதான் அவ பேரு தேறும்."

ஹோல்கர் லேசர் வரும் பாதையில் இருந்த கண்ணாடியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. சமமாகப் போன கோடு, லேசர் பட்ட இடத்தைத் தாண்டியதும் சடாரென்று இறங்கியது.

"யோவ்! அடிக்குப் பின்னாடிதான்யா அழுவுது! தகட்டுல ஒரு குறையும் இல்ல. அப்புறம் அன்னிக்கு எங்க சொதப்பினாங்க?"

டெட்லெஃப் பழைய பதிவேட்டைத் தள்ளினார். "எனக்குக் கண்ணு சரியில்ல. நீயே பாரு."

பத்து நிமிடம் பக்கங்களைப் புரட்டிய ஹோல்கர் மேசையில் தட்டினார்.

"இதோ! நடுவுல கண்ணாடியை நகர்த்தி நேரத்தைத் திருத்தியிருக்காங்க. ஒளி கண்ணாடி வரைக்கும் போயிட்டுத் திரும்பியும் வரணும் இல்ல? அப்ப நகர்த்தின தூரத்தை ரெண்டு மடங்கா போடணும். ஒரு மடங்குதான் போட்டிருக்கு. அதான் லேசருக்கு முன்னாடியே இறங்கின மாதிரி காட்டியிருக்கு. பாவம், அந்தம்மா அவசரத்துல மறந்துட்டாங்க."

"அவ இல்ல. அவ அப்ப சாப்பிடப் போயிருந்தா. திருத்தினது நான்."

ஹோல்கர் மெல்ல டெட்லெஃபின் தோளில் கை வைத்தார்.

"விடுய்யா. தெரிஞ்சா பண்ணின? இப்பவே போன் போடு. தப்பு இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுதுன்னு சொல்லு, மன்னிச்சிடுவாங்க."

"ஆமா, இன்னிக்குத்தான்" என்றபடி டெட்லெஃப் போனை எடுத்தார்.

உல்ரீக்கே வேலையை விட்டுப் போன அடுத்த திங்கட்கிழமையே, அதே பக்கத்தில் அதே தப்பைப் பார்த்துவிட்டு, பதிவேட்டைச் சத்தமில்லாமல் மூடி வைத்தவர் அவர்.