வெள்ளாட்டு வால்

எனக்குப் பெரிய துரோகம் செய்தது தொடைதான். என்னை வெட்டிய இயந்திரமெல்லாம் அப்புறம்தான்.

நான் ஒரு வெள்ளாட்டின் வால். பழைய கறிக்கடையில் ஆட்டை உரித்துத் தொங்கவிட்டாலும் வாலில் மட்டும் முடியை விட்டுவைப்பார்கள். வெள்ளாடா, செம்மறியா என்று கேட்பவர்களுக்கு வால்தான் சாட்சி. புதிதாகத் திறந்த இறைச்சி ஆலையிலோ என்னைத்தான் முதலில் வெட்டிக் கழிவுத் தொட்டியில் போட்டார்கள்.

"தொடையண்ணே, நான் இல்லாம உன்னை எவன் நம்புவான்? என்னையும் கூட்டிக்கிட்டுப் போ" என்று கெஞ்சினேன்.

கண்ணாடித்தாளுக்குள் பளபளவென்று உட்கார்ந்திருந்த தொடை, "நீயும் உன் முடியும்! இது சுத்தமான இடம்டா. எனக்காகப் பேச, 'வெள்ளாடு'ன்னு அச்சடிச்ச ஸ்டிக்கர் இருக்கான்" என்றது.

"தம்பி, நீ ஆட்டைப் பார்த்திருக்கியா?" என்று ஸ்டிக்கரைக் கேட்டேன்.

"இல்லை. ஆனா நல்லாச் சொல்லுவேன்" என்றது ஸ்டிக்கர்.

குளிர்வண்டி வந்தது. தொடை ஏறிப் போய்விட்டது. தொட்டியில் வேறு வால்களும் கிடந்தன. ஒவ்வொன்றும் தன் தொடையையே நினைத்துக்கொண்டிருந்தது.

குட்டியாக இருந்த நாளிலிருந்து அந்தத் தொடையில் ஈ உட்காராமல், எட்டிய மட்டும் விரட்டியவன் நான். புறப்படும்போது "வரேன்டா" என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்னும் பாக்கி.